ருசி பார்க்கும் உரிமை

மூன்றாம் எண் சுருட்டைப் பற்றவைத்து நாலு இழுப்பு இழுத்ததும் எனக்கு எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவம் நினைவுக்கு வந்துவிட்டது. சாணத்தின் மணம் அல்ல. மாட்டு மூத்திரம் ஊறிய தரையிலிருந்து விடிகாலையில் ஒரு நெடி கிளம்பும், மூக்கின் உச்சியில் சுருக்கென்று குத்தும், அது.

லண்டனில் ஒரு சுருட்டுக் கடையின் மாடியறையில் உட்கார்ந்திருந்தோம். இங்கிலாந்தில் 2007 முதல் கட்டடங்களுக்குள் புகைக்கத் தடை இருக்கிறது. ஆனால் சுருட்டு மட்டுமே பிரதானமாக விற்கும் கடைகளில், வாங்கும் முன் மாதிரி பார்க்க விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்கின் தயவில் மாதத்தின் முதல் சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் அங்கே கூடுவோம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், ஸ்காட்லாந்துக்காரச் சமையல்காரர் ஒருவர், என்னைப் போலவே அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் ஒருவர், நான். நான்கு ஆண்கள், ஒரு பெண். நான்கு வெள்ளைக்காரர்கள், ஒரு திருநெல்வேலிக்காரி.

அன்று கண்ணைக் கட்டாத கண்கட்டு விளையாட்டு. கடைக்காரர் சுருட்டுகளின் காகித வளையத்தைக் கழற்றிவிட்டு எண் ஒட்டிய துண்டைச் சுற்றியிருந்தார். எது எந்த நிறுவனத்தினுடையது, என்ன விலை என்று தெரியாமல் ருசி பார்த்து, தாளில் மதிப்பெண் போட வேண்டும். மூன்றாவதுக்குப் பொறியாளர் பத்துக்கு ஒன்பது போட்டார். ‘எவ்வளவு சிக்கலான ருசி’ என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் ஐந்து போட்டேன். ஏன் என்று கேட்டார்கள்.

“மாட்டுத் தொழுவம். இலை இன்னும் ஆறவில்லை” என்றேன்.

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. வீட்டில் சின்னப் பிள்ளை பெரிய வார்த்தை பேசினால் சிரிப்பார்களே, அப்படி. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானதுதான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது புகைக்கச் சொல்லும் கட்டுரை அல்ல. சுருட்டுப் புகையை நாங்கள் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் நிறுத்தி ருசி பார்த்துவிட்டு விட்டுவிடுவோம். அதனால் அது தீங்கற்றது ஆகிவிடாது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு அது வழி என்பது எனக்குத் தெரியும்; எங்கள் பல் மருத்துவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆணுக்குக் கெடுதலானது பெண்ணுக்கு விடுதலையாகிவிடும் என்று நான் நம்பவில்லை. நான் கேட்பது வேறு: ஒரு பொருளை நல்லது என்றும் கெட்டது என்றும் சொல்லும் நாக்கு யாருடையது?

சுருட்டு என் கைக்கு வந்தது தற்செயலாக. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரின் பணி ஓய்வு விருந்து. தோட்டத்தில் வட்டமாக நின்றிருந்தோம். யாரோ ஒரு கியூபச் சுருட்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொருவரிடமும் நீட்டினார். என்னிடம் வந்ததும் பெட்டி ஒரு சின்ன வளைவு வளைந்து அடுத்தவரிடம் போய்விட்டது. எனக்கு வேண்டுமா என்ற கேள்வியே அங்கே இல்லை. ஆனால் பெட்டி என்னைக் கடந்துபோன அந்த நொடியில் அதன் மணம் என் முகத்தில் மோதியது. உலர்ந்த இலை, கொஞ்சம் தேவதாரு, கொஞ்சம் வெல்லம். லண்டனுக்கு வந்து பத்து வருடத்தில் முதல்முறையாக எங்கள் வீட்டுத் திண்ணை மணத்தது.

அடுத்த வாரம் ஒரு கடைக்குப் போனேன். “பரிசா? கணவருக்கா?” என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றதும், விரல் தடிமன்கூட இல்லாத மெல்லிய சுருட்டு ஒன்றை எடுத்து வைத்தார். ரோமியோ இ ஹூலியெத்தாவின் ‘ஹூலியெத்தா’. பெண்களை மனதில் வைத்து 2010-ல் கியூபாவில் அறிமுகம் செய்தார்கள். மெலிது, மென்மை, சீக்கிரம் முடிந்துவிடும். சுருட்டில் தப்பில்லை. ஆனால் என்னைப் பார்த்த மாத்திரத்தில் என் நாக்கின் அளவை அவர் எப்படி எடுத்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. புடவைக் கடையில்கூட நிறம் என்ன வேண்டும் என்று கேட்பார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் தடியாக, கருத்து, எண்ணெய் மினுங்க இருந்த ஒன்றைக் காட்டினேன். பார்தகாஸ் ‘சீரி டி நம்பர் 4’. “அது காரம்” என்றார். “எங்க ஊர்ல எல்லாமே காரந்தான்” என்று தமிழில் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

*

சுருட்டைத் தேர்ந்தெடுப்பது வாயில் தொடங்குவதில்லை, கண்ணிலும் விரலிலும் தொடங்குகிறது.

கையால் சுற்றிய கியூபச் சுருட்டில் மூன்று அடுக்கு இருக்கிறது. உள்ளே நிரப்பும் இலைகள், அவற்றைச் சேர்த்துக் கட்டும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றும் போர்வை இலை. போர்வை இலைச் செடியை மெல்லிய துணிப் பந்தலுக்கு அடியில் நிழலில் வளர்க்கிறார்கள். இலை பெரிதாக, மெல்லியதாக, நரம்பு துருத்தாமல் வர வேண்டும் என்பதற்காக. உள்ளிலைக்கு நேர் வெயில். ஒரே செடியில் அடி இலைக்கு ‘வொலாதோ’ என்று பெயர், அது நன்றாக எரியும். நடு இலை ‘செகோ’, மணம் தரும். வெயிலை அதிகம் வாங்கும் மேல் இலை ‘லிஹேரோ’, காரம் தரும், ஆனால் மெதுவாக எரியும். அதனால் லிஹேரோவை நட்ட நடுவில் வைத்துச் சுற்றுவார்கள். எந்த இலை எவ்வளவு என்பதில்தான் ஒரு சுருட்டின் குணம் இருக்கிறது. சமையலில் மசாலா சேர்க்கும் கணக்குத்தான்.

கையில் எடுத்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, நுனியிலிருந்து அடிவரை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். எல்லா இடமும் ஒன்றுபோல அமுங்கி எழ வேண்டும். ஓரிடத்தில் கல் மாதிரி இருந்தால் அங்கே இலை திரண்டிருக்கிறது, புகை வராது. ஓரிடத்தில் பொசுக்கென்று உள்ளே போனால் அங்கே இலை போதவில்லை, சூடாக எரிந்து நாக்கைச் சுடும். பிறகு மூக்கு. பற்றவைக்காத சுருட்டின் அடியை முகர்ந்து பார்க்க வேண்டும். பிறகு தலைப்பை வெட்டி, பற்றவைக்காமலேயே ஒரு இழுப்பு. காற்று தாராளமாக வர வேண்டும், ஆனால் வெறும் குழாயில் ஊதுவது போலவும் இருக்கக்கூடாது. பிறகுதான் நெருப்பு.

எரியத் தொடங்கியதும் சுருட்டு மூன்று பங்காகப் பேசும். பிரெஞ்சுக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு: முதல் பங்கு வைக்கோல், நடுப்பங்கு தெய்வீகம், கடைசிப் பங்கு சாணம். நல்ல சுருட்டில் கடைசிப் பங்குகூட அவ்வளவு மோசமில்லை. கருக்கிய காப்பிக்கொட்டை மாதிரி ஆகும்.

ருசியைச் சொல்லவும் ஒரு மொழி இருக்கிறது. தேவதாரு, தோல், கோக்கோ, வறுத்த பாதாம், காட்டுத் தேன். முதல் சில மாதம் நானும் அந்தச் சொற்களைத்தான் தாளில் எழுதினேன். மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதினேன் என்பதே உண்மை. என் வாயில் தோன்றியது அது இல்லை. எனக்குத் தோன்றியது கருப்பட்டி. நெல் அவிக்கும் அடுப்படி. சுட்ட பனங்கிழங்கு. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த சாக்கு. பரீட்சையில் படித்ததை எழுதாமல் பாடத்திட்டத்துக்கு வெளியே எழுதுவது போலக் கூச்சமாக இருந்தது. தோல் பையின் மணம் தெரிந்தவர்கள் உருவாக்கிய மொழியில் சாக்குக்கு இடமில்லை.

ஒருநாள் துணிந்து ‘அவித்த நெல்’ என்று எழுதினேன். அது என்னவென்று கேட்டார் சமையல்காரர். விளக்கினேன். அவர் கண்ணை மூடி இன்னொரு முறை இழுத்துப் பார்த்து, “ஆமாம், உமியோடு வேகும் தானியம்” என்றார். என் சொல்லை மொழிபெயர்த்து ருசி பார்த்த முதல் ஆள் அவர்தான். அடுப்படியில் வேலை செய்கிறவர் என்பதால் இருக்கலாம்.

இப்போது மூன்றாம் எண்ணுக்கு வருகிறேன். நான் சொன்ன நெடி அம்மோனியா. புகையிலையைக் குவித்துப் புழுங்க வைக்கும்போது அது வெளியேறும். சுற்றும் முன் இலைகளை ஈரப்படுத்துவார்கள் என்பதால் புதிதாகச் சுற்றிய சுருட்டிலும் கொஞ்ச காலம் அது தங்கியிருக்கும். பெட்டியில் ஆறவிட்டால் போய்விடும். கியூபப் பெட்டியின் அடிப்பக்கத்தில் தொழிற்சாலையின் குறியெழுத்தும் கட்டிய மாதமும் வருடமும் முத்திரையாக இருக்கும். மதிப்பெண் எல்லாம் கூட்டி முடித்த பிறகு கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். அந்த வருடம் ஏப்ரலில் கட்டியது. நாங்கள் உட்கார்ந்திருந்தது செப்டம்பர். அன்றைய ஐந்தில் விலை கூடியதும் அதுதான். பொறியாளர் முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் ஒன்பதை ஏழாக்கினார்.

நான் எப்போதும் சரியாகச் சொல்லிவிடுகிறவள் இல்லை. அடுத்த மாதமே நிகரகுவா சுருட்டு ஒன்றைக் கியூபா என்று அடித்துச் சொல்லி எல்லோர் முன்னாலும் அசடு வழிந்தேன். ஆனால் அன்று யாரும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரிக்கவில்லை. சக ஆள் தோற்றால் கேலி செய்வார்களே, அப்படிச் சிரித்தார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் பெண்களுக்குத் தெரியும்.

*

இந்த மூக்கு எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டதில்லை. நானும் ரொம்ப நாள் சொல்லவில்லை.

எங்கள் ஊர் பீடி ஊர். என் அம்மா பீடி சுற்றுகிறவள். ஆச்சியும் சுற்றினாள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தால் ‘சமைக்கத் தெரியுமா’ என்று கேட்கும் முன் ‘பீடி சுத்தத் தெரியுமா, ஒரு நாளைக்கு எத்தன சுத்துவா’ என்று கேட்பார்கள். சித்தி ஒருத்தியின் கைவேகத்துக்காகவே வரதட்சணையில் இரண்டு பவுன் குறைந்தது.

பீடி இலையை இரவே நனைத்து, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் பொதிந்து வைப்பாள் அம்மா. காலையில் இலையைத் தகட்டு அளவுக்குக் கத்தரியால் வெட்டுவாள். பிறகு சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வாள். இலை, தூள், ஒரு உருட்டு, நூல், நுனி மடக்கு. ஆயிரம் முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இலையைத் தொட்டதுமே அது மூத்ததா, இளசா, சுற்றும்போது கிழியுமா என்று அம்மாவின் விரலுக்குத் தெரிந்துவிடும். தூளை மோந்து பார்த்து, “இந்த வாட்டி ஏமாத்திட்டான், மட்டத் தூளு” என்பாள். ஆனால் அதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. கொடுத்த இலையில், கொடுத்த தூளில், கேட்ட எண்ணிக்கையைக் கொடுத்தாக வேண்டும்.

சாயங்காலம் பீடிக் கடையில் வரிசை நிற்கும். பெண்கள் இந்தப் பக்கம், மேசைக்கு அந்தப் பக்கம் செக்கர். கட்டைக் கையில் எடுப்பார், கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். பிடித்தால் ஒரு பக்கம், பிடிக்காவிட்டால் இன்னொரு பக்கம். பிடிக்காதது கழிவு. அதற்குக் கூலி கிடையாது. அந்த இலைக்கும் தூளுக்கும் கணக்கு மட்டும் அம்மாவின் பெயரில் ஏறும். கழித்த பீடி குப்பைக்குப் போனதையும் நாங்கள் பார்த்ததில்லை. நல்ல பீடி எது என்று அந்த வரிசையில் நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் செக்கரைவிட நன்றாகத் தெரியும். சொல்லும் அதிகாரம் மட்டும் அவருடைய கட்டைவிரலில் இருந்தது. ஒருமுறை அம்மா, “நல்லாத்தான இருக்கு, இன்னொருவாட்டி பாருங்க” என்றாள். அப்போதுதான் அந்தச் சிரிப்பை முதலில் கேட்டேன்.

‘பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர்கள் சட்டம்’ வந்தது 1966-ல். சுற்றிய பீடியை முதலாளி கழிப்பதால் எழும் தகராறைத் தீர்க்க அதில் தனியாகவே பிரிவு இருந்தது. கழிவு என்பது ஒவ்வொரு பெண்ணின் தனிப்பட்ட கைக்குற்றம் அல்ல, தொழிலின் அமைப்பே அது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அந்த வரிசையில் நின்ற பெண்களில் எத்தனை பேருக்கு அந்தப் பிரிவு தெரிந்திருக்கும்? கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கே தெரியும்.

*

அதே 1966-ல்தான் கியூபாவில் ‘கொஹீபா’ பிறந்தது. முதலில் ஃபிடல் காஸ்ட்ரோவுக்கும் வெளிநாட்டுத் தலைவர்களுக்குத் தரும் பரிசுக்கும் மட்டும்; 1982-க்குப் பிறகுதான் கடைக்கு வந்தது. அதைச் சுற்றிய ‘எல் லகீதோ’ தொழிற்சாலையில் தொடக்கத்தில் சுற்றியவர்கள் பெண்கள். அதுவரை ஹவானாவில் சுற்றும் மேசை பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்களுக்கு இலை நரம்பை உரிக்கும் வேலையும், இலை பிரிக்கும் வேலையும், வளையம் மாட்டும் வேலையும். பெண்களுக்குச் சுற்றக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற முயற்சியோடு செலியா சாஞ்செஸின் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்கள். இன்று கியூபாவில் சுற்றும் மேசையில் பெண்கள் ஏராளம். ஆனால் அந்தத் துறையில் சாதித்தவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் விருதுக்கு நெடுங்காலம் ‘ஒம்ப்ரே அபானோ’ என்றுதான் பெயர். ‘ஒம்ப்ரே’ என்றால் ஆண்.

மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் ஐந்து பேரும் ஹவானாவுக்குப் போனோம். ஒரு தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்கினோம். கூட்டிப் போனவர் வாசலிலேயே ஆரம்பித்தார். “கன்னிப் பெண்களின் தொடையில் வைத்து உருட்டுவதால்தான் எங்கள் சுருட்டுக்கு இந்த ருசி” என்று கண்ணடித்தார். கூட்டம் சிரித்தது. என் நண்பர்களும் சிரித்தார்கள். உலகம் முழுக்கச் சுருட்டுக் கடைகளில் சொல்லப்படும் பழைய கதை இது. எந்தச் சுருட்டையும் தொடையில் உருட்ட முடியாது. பலகை வேண்டும், ‘சாவெதா’ என்னும் பிறைக்கத்தி வேண்டும், முழங்கை ஊன்ற இடம் வேண்டும். கதை எங்கிருந்து வந்தது என்பது இலை உரிக்கும் அறைக்குள் போனதும் எனக்குப் புரிந்தது.

அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலையில் தண்ணீர் தெளித்து இளக்கிய போர்வை இலையை மடியில் விரித்து, நடு நரம்பின் நுனியைப் பிடித்து, விரலில் சுற்றிக்கொண்டே ஒரே இழுப்பில் உரித்தெடுத்தார்கள். இலை இரண்டு பாதியாகப் பிரிந்து மடியிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனது. ஒரு கிழிசல் இல்லை. மடியில் இலை. அவ்வளவுதான் விஷயம். மடியில் இலையை வைத்து வேலை செய்யும் பெண்ணைப் பார்த்த ஒருவனுக்குத் தொடை தெரிந்திருக்கிறது, விரல் தெரியவில்லை. மெரிமே எழுதிய ‘கார்மென்’ கதையிலும், அதைப் பிசே 1875-ல் இசைநாடகமாக்கியபோதும் நாயகி செவில் நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைக்காரிதான். அவளுடைய காதல் உலகத்துக்கே தெரியும். அவள் ஒரு நாளைக்கு எத்தனை சுற்றினாள் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு வயதான அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பேச மொழியில்லை. நான் மடியில் சுளகு வைப்பது போலவும் உருட்டுவது போலவும் சைகை செய்து காட்டினேன். உருட்டும் அளவைக் காட்ட விரலை மடக்கிச் சின்னதாகக் காட்டினேன். அவர் ‘இத்துனூண்டா?’ என்பது போல் புருவத்தைத் தூக்கினார். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

சுற்றும் கூடத்தில் பள்ளிக்கூட பெஞ்சு போல மேசைகள், முன்னால் உயரமான மேடை. மேடையில் ஒரு பெண் ஒலிவாங்கியில் செய்தித்தாளை வாசித்துக்கொண்டிருந்தார். சுருட்டுத் தொழிற்சாலையில் வாசித்துக் காட்டும் வழக்கம் கியூபாவில் 1865-ல் தொடங்கியது. தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கேட்டுக் கேட்டு இவர்கள் விழித்துக்கொள்வார்கள் என்று பயந்த காலனி அரசு மறுவருடமே தடை போட்டது. தடை நிற்கவில்லை. ‘மான்டெகிறிஸ்டோ’ சுருட்டுக்குப் பெயர் வந்ததே அங்கே வாசித்த துய்மாவின் நாவலிலிருந்துதான் என்பார்கள்.

நான் அந்த மேடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் திண்ணையில் ஆறேழு பெண்கள் சேர்ந்து சுற்றுவார்கள். திருநெல்வேலி வானொலி ஓடும். அது நின்றுவிட்டால், “ஏட்டி, நீ அந்தத் தொடர்கதய வாசி” என்பார்கள். வாசித்தால் நான் சுற்ற வேண்டியதில்லை. என் பங்குக் கட்டுகளை அவர்கள் பகிர்ந்து சுற்றிவிடுவார்கள். வாரப் பத்திரிகை, கிழிந்த நாவல், பொட்டலம் கட்டி வந்த காகிதம்வரை வாசித்தேன். அப்படி வாசித்துத்தான் படிப்பில் நின்றேன். எனக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் யார் என்பது ஹவானாவில்தான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு விடுதி முற்றத்தில் நண்பர்களுக்கு முதல்முறையாக அம்மாவைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் பொறியாளர் வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “அந்த வாசல் ஜோக்குக்கு நான் சிரித்திருக்கக்கூடாது” என்றார். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு எங்கள் மேசையில் அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. புதிதாக வருகிறவர் சொன்னால் பல் மருத்துவர், “அது பொய். இலை உரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று ஆரம்பித்துவிடுவார்.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு பார்தகாஸை எடுத்துப் போனேன். அம்மாவிடம் காட்டத்தான்.

எங்கள் ஊரில் சுருட்டு சுடலைமாடனுக்கு உரியது. கொடையன்று படையலில் இருக்கும், சாமியாடி குடிப்பார். ஆச்சி காலத்துக் கிழவிகள் சிலர் தொழுவத்துப் பக்கம் உட்கார்ந்து குடித்ததைப் பார்த்திருக்கிறேன். நரைத்த பிறகு கிடைத்த சலுகை அது. எனக்கு இன்னும் நரைக்கவில்லை.

அம்மா சுளகைக் கீழே வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“இதென்னட்டி, இம்புட்டுத் தண்டியா?”

“கியூபாச் சுருட்டும்மா. இதுவும் கையாலதான் சுத்துறாங்க.”

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போர்வை இலை சுற்றிப்போன வரியை நகத்தால் தேடினாள். தலைப்பை மூடியிருந்த விதத்தைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, நுனியிலிருந்து அடிவரை அழுத்திக்கொண்டே போனாள். பாதியில் விரல் நின்றது.

“நல்ல கைக்காரி. மூட்டே தெரியல பாரு. ஆனா இந்தா, இந்த இடத்துல திரண்டு கெடக்கு. எங்க செக்கருனா கழிச்சிருப்பான்.”

நான் வாங்கி அழுத்திப் பார்த்தேன். லண்டனில் கடையில் வைத்து இதே சுருட்டை அழுத்தித்தான் வாங்கினேன். எனக்குப் படவில்லை. இப்போது பட்டது.

“நீ இதக் குடிப்பியோ?” என்றாள், சுளகை மடியில் எடுத்துக்கொண்டே.

ஆமாம் என்றேன். அடுத்த இரண்டு பீடி சுற்றும்வரை பேச்சில்லை.

“நெஞ்சு வலிக்காதா?”

“உள்ள இழுக்க மாட்டோம்மா. வாயில வச்சு ருசி பாத்துட்டு விட்டுருவோம்.”

“அப்பொறம் எதுக்குக் குடிக்க?” என்றவள், சற்றுக் கழித்து, “யாரு கூட?” என்றாள். சொன்னேன். ஐந்து பேர், மாடியறை, மதிப்பெண் தாள். “நீ சொன்னா அவங்க கேப்பாங்களா?” என்றாள்.

“இப்போ கேக்காங்க.”

விலை கேட்டாள். ஐநூறு ரூபாய் என்று பொய் சொன்னேன். அதற்கே வாயில் கை வைத்தாள். உண்மை விலை அவளுடைய இரண்டு வாரக் கூலிக்கும் மேல். இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் நான் தீர்க்க முடியாத கணக்கு அது ஒன்றுதான்.

ராத்திரி ஊர் அடங்கிய பிறகு மொட்டை மாடியில் பற்றவைத்தேன். அம்மா சுளகோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கருப்பட்டி, மிளகு, பிறகு மெல்ல அவித்த நெல். புகை போன திசையை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயும் ஒரு இழுப்பு பாக்கியாம்மா?”

“போட்டி. நாப்பது வருசமா மூக்கால குடிச்சது போதும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொன்னதும் இருமினாள். அந்த இருமல் எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் உண்டு. நான் ருசி பார்க்கிறேன் என்று பெயர் வைத்துக்கொண்டு காசு கொடுத்து வாயில் நிறுத்தும் புகையிலையை, அவள் கூலி வாங்கிக்கொண்டு தூளாக நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறாள். நான் சுருட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அவள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை.

பாதிக்கு வந்தபோது இழுப்பு இறுகியது. கன்னம் ஒட்ட இழுத்தும் நூல் போலத்தான் புகை வந்தது. அம்மா விரல் நின்ற அதே இடம். சுருட்டை எடுத்து அவளிடம் காட்டினேன்.

“சொன்னேம்லா” என்றாள் அம்மா. நாளைக்குக் கொடுக்க வேண்டிய கணக்கில் இன்னும் ஏழு கட்டு பாக்கி இருந்தது. அடுத்த இலையை எடுத்தாள்.